சத்தம் இருந்த வாரம்

அன்புள்ள தங்கைமார் இருவருக்கும்,

வார்டுக்குக் கொண்டுபோகிற வசன டின்னில் இருந்த கடினமான வசனங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை வாசித்தால் நோயாளிகளின் முகம் வாடுகிறது, அதனால் ஆறுதலானவற்றை மட்டும் வைத்திருக்கிறோம், சரிதானே அக்கா என்று கேட்டிருந்தீர்கள். போதகரம்மாவும், புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உன் அனுபவத்தை எழுதிக் கொடு, பின்னால் வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்றார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதிலும் சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறாள். ஒன்பது மாதம். அவள் இருமினால் நான் பேனாவை வைத்துவிட்டு அவள் மூச்சை எண்ணப் போய்விடுவேன். எழுத்து அங்கங்கே அறுந்திருந்தால் காரணம் அதுதான்.

அந்தக் கோகோ டின்னை வார்டுக்குக் கொண்டுபோனவள் நான். நம் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வசனச் சீட்டு எடுப்போம் அல்லவா, அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குக் கொடுத்த வாக்கு என்று வேதத்துக்குள் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒரு சீட்டு என்பது வருஷம் முழுவதும் இருக்கப்போகிறவர்களுக்குச் சரி. நெஞ்சு வியாதி வார்டில் படுத்திருக்கிறவர்களுக்கு வாரம் ஒன்று கொடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அறுபது வசனங்களை என் கையால் எழுதி, சுருட்டி, டின்னில் போட்டேன். என் கையெழுத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோரும் மெச்சுவார்கள். அந்தப் பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வியாழக்கிழமை காலை ரயிலில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். நோயாளிகளுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற எனக்குச் சபைப் பதிவேட்டில் வேதப்பெண் என்று பெயர். வார்டில் டீச்சரம்மா. அங்கே என்னை முதலில் திருத்தியவள் முனியம்மா. கிள்ளான் பாசார் வாசலில் கச்சாங் கடலை விற்றவள், மாரியம்மன் பக்தை, ஆனால் வாரம் தவறாமல் என் டின்னில் கைவிடுவாள். "உங்க சாமி நம்ம பக்கம் இந்த வாரம் என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு நாள் உள்ளே நுழைந்ததும் வார்டின் நடுவில் நின்று ஒரு பாட்டை ஐந்து சரணமும் விடாமல் பாடினேன். முடித்ததும் முனியம்மா கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா. எட்டாம் கட்டில்காரிக்குத்தான் கேக்கல. அவ செத்து அரைமணி ஆச்சு." திரும்பிப் பார்த்தேன். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து, வாயைத் திறக்கும் முன் எல்லாக் கட்டிலையும் ஒரு முறை பார்த்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதை அல்ல.

பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். காப்பார்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். கணவன் தங்கராசுவும் அதே தோட்டம். இருவரும் நம் சபையார்தான். அவளுக்கு இருபத்துநாலு வயது இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அவளுக்கு ஒரே மகள், ஐந்து வயது ரோசு. தோட்டத்து லயத்து வீட்டில் அப்பாவோடு இருந்தாள். பாக்கியம் வார்டுக்கு வந்து மூன்று மாதமாகியும் பிள்ளையைப் பார்க்கவில்லை. குழந்தைகளை வார்டுக்குள் விடுவதில்லை என்பது ஒரு காரணம். வெளி வராந்தாவில் நிறுத்தி ஜன்னல் வழியாகக் காட்டலாம், அதற்குத் தடை இல்லை. அவள்தான் வேண்டாம் என்றாள். "இந்த மூஞ்சியோட வேணாம் டீச்சரம்மா. கன்னத்துல கொஞ்சம் சதை புடிக்கட்டும். கிறிஸ்மஸுக்குக் கூட்டியாறச் சொல்லியிருக்கேன்."

அது நவம்பர் மாதம். அந்த வியாழக்கிழமை நான் வார்டுப் படியேறும்போதே டிரெசர் ஐயா என்னை நிறுத்தினார். டாக்டர் இல்லாத நேரத்தில் வார்டைப் பார்த்துக்கொள்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், சைவர், அதிகம் பேசமாட்டார்.

"பிள்ளை, பாக்கியத்துக்கு இனி இரண்டு கிழமை தாண்டாது. தொண்டையிலும் பிடிச்சிட்டுது, குரல் போகப்போகுது. மகளைப் பார்க்கிறதெண்டால் இப்பவே கூப்பிடச் சொல்லுங்கோ."

"நீங்கள் சொல்லக்கூடாதா ஐயா?"

"நான் சொன்னால் டிரெசர் கைவிட்டுட்டான் எண்டு நினைப்பா. நீங்கள் சொன்னால் கடவுள் சொன்ன மாதிரி எடுப்பா. அதுக்குத்தானே வாறியள்."

கிழமை என்று அவர் சொன்னது வாரத்தை. சரி என்று தலையாட்டினேன். அவரும் என்னை நம்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு என்று பாக்கியம் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். முனியம்மாதான் பின்னிவிட்டாளாம். குரல் கம்மியிருந்தது. ஆனாலும் பேச்சு ஓயவில்லை. ரோசுவுக்குச் சிவப்புச் சீட்டியில் கவுன் தைக்கச் சொல்லியிருக்கிறாள், வளர்கிற பிள்ளை, அளவு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் சீட்டு எடுக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகலாம் என்று டின்னை நீட்டினேன்.

"நல்லதா ஒன்னு வரணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

பிரித்தேன். நம் நாட்களை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடும் என்று கேட்கிற வசனம் அது. அறுபதில் நாள் கொஞ்சம்தான் என்று சொல்வது அது ஒன்றுதான். நான் செய்யவேண்டிய வேலையைக் கர்த்தரே எடுத்து என் கையில் வைத்துவிட்டார். எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட என் சொந்தமாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேறொன்றை வாசித்தேன். நீடித்த ஆயுளைத் தந்து திருப்தியாக்குவேன் என்கிற வசனம் எனக்கு மனப்பாடம். சீட்டைப் பார்த்தபடியே அதைச் சொன்னேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் அவள், "இன்னொரு தடவை படிங்க" என்றாள். இரண்டாம் தடவை நான் யோசித்துத்தான் சொன்னேன். அதே பொய்யை, அதே ராகத்தில்.

பாக்கியம் முனியம்மா பக்கம் திரும்பி, "கேட்டியாக்கா?" என்றாள். "கேட்டேன், கேட்டேன். என் சாமிகிட்டயும் சொல்லி வை" என்றாள் முனியம்மா. பாக்கியம் சீட்டைக் கேட்டு வாங்கித் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையை இப்போதே வரச் சொல்லலாமே என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு அவசரம்? அதான் சாமியே சொல்லிட்டாரே" என்று சிரித்தாள். நான் டின்னை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். ரயிலில் திரும்பும்போது, ஒரு நோயாளியைச் சந்தோஷப்படுத்தினோம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அடுத்த வியாழன் நான் போகவில்லை. எனக்கு அப்போது இரண்டாவது மாதம். வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காலையில் எழுந்ததும் வாந்தி. போயிருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூர நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

அதற்கடுத்த வியாழன் போனபோது நல்ல மழை. பாக்கியத்தின் கட்டிலை ஜன்னல் ஓரமாக நகர்த்திப் போட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முக்காலியைக் கண்ணால் காட்டினாள். குனிந்து காதைக் கொடுத்தால்தான் பேசுவது கேட்டது. குரல் இல்லை, மூச்சில்தான் பேச்சு.

"டிரெசர் ஐயா படிச்சுக் காட்டினாரு."

செவ்வாய்க்கிழமை மூச்சுமுட்டியபோது, மனதுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று அந்தச் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டியிருக்கிறாள். நான் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருந்த அவர், இருப்பதை இருந்தபடி வாசித்துவிட்டார். உங்களுக்கு ஏற்ற வசனம்தான் வந்திருக்கு என்றும் சொன்னாராம்.

"நீங்க படிச்சது அதுல இல்லையாம்."

"இல்லை."

"கண்ணு சரியாத் தெரியலையா?"

எனக்காக ஒரு கதவைத் திறந்துவிட்டாள். அதன் வழியாக நான் வெளியே போயிருக்கலாம். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. பிறகு, "தெரிஞ்சேதான் படிச்சேன்" என்றேன்.

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு கையசைத்துக் காதைக் கேட்டாள்.

"எனக்கு வந்த கடுதாசி டீச்சரம்மா அது. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதானே உங்ககிட்ட குடுத்தேன்." மூச்சு வாங்கினாள். "போன வாரம் எனக்குச் சத்தம் இருந்துச்சு."

மன்னித்துவிடு என்றேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

"அது அப்புறம். இப்ப வேலை இருக்கு. தோட்டத்துக்கு ஆள் சொல்லி விட்டாச்சு, ரோசு வந்துக்கிட்டிருக்கு. என்னால கத்த முடியாது. நான் சொல்றத நீங்க ஜன்னல்ல நின்னு சொல்லணும். கூட்டாம, குறைக்காம."

பகல் ஒரு மணி வாக்கில் வந்தார்கள். தங்கராசு தலையிலும் பிள்ளையின் தலையிலும் கோணிச்சாக்கு. உள்ளே சிவப்புச் சீட்டிக் கவுன், கிறிஸ்மஸுக்கு என்று தைத்தது, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டுப் பிள்ளை, "அம்மா எங்கப்பா?" என்று கேட்டாள். தங்கராசு விரலால் காட்டினான். அவள் அவன் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

பாக்கியம் என் காதில் சொன்னாள். நான் நிமிர்ந்து சொன்னேன்.

"ரோசு, நான்தான் அம்மா. மூஞ்சி இளைச்சுப் போச்சு, அவ்வளவுதான். பயப்படாதே."

பிள்ளை அப்பாவின் வேட்டி மடிப்புக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள்.

அடுத்த வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டு நான் நிமிர்ந்தேன். வாய் வரவில்லை. தங்கராசு கண்டுகொண்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயி வருவேன்னு சொல்லுங்க டீச்சரம்மா. சின்னப் பிள்ளை. வேற எதுவும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினான். முனியம்மாவும் பின்னாலிருந்து, "அதானே, பச்சைப் பிள்ளைகிட்ட" என்றாள். வார்டில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். கூட்டாதே, குறைக்காதே.

இதைச் சொல்வது சரியா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. இரவில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, ஐந்து வயதுப் பிள்ளையிடம் எவளாவது இதைச் சொல்வாளா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு அன்றைக்குத் தெளிவாக இருந்தது. அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அவளுடையதை ஒரு முறை நான் எடுத்துக்கொண்டாயிற்று.

"அம்மா சாகப்போறேன் ரோசு" என்றேன். "உன் மேல கோவிச்சுக்கிட்டுப் போகல. சாமி கூப்பிடுறாரு, அதான் போறேன். அதுக்கப்புறம் நீ கூப்பிட்டா என்னால வர முடியாது."

தங்கராசு முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டான். பிள்ளை அழவில்லை. அப்பாவின் பின்னாலிருந்து வெளியே வந்து, ஜன்னல் கட்டையில் கையை வைத்து, எட்டிப் பார்த்தாள். தன் அம்மாதான் என்று அப்போதுதான் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

பாக்கியம் என் கையைப் பிடித்து மறுபடி இழுத்தாள். குனிந்தேன். உதடு அசைந்தது. சூடான காற்று மட்டும் காதில் பட்டது. இன்னும் குனிந்தேன். மறுபடி காற்று. மூன்றாவது தடவை இருமல் வந்துவிட்டது, அதோடு ரத்தமும். டிரெசர் ஐயா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார். பிள்ளை கையை எடுத்துக்கொண்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் சாத்தினார். அது எனக்கு நினைவிருக்கிறது.

சனிக்கிழமை காலை பாக்கியம் இறந்துபோனாள். மன்னிப்பை அப்புறம் பார்க்கலாம் என்றாளே, அந்த அப்புறம் வரவில்லை. அடுத்த வியாழன் நான் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் நெஞ்சு வியாதி வார்டுக்குள் போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். என் வேலை அதோடு முடிந்தது.

தங்கைகளே, உங்களிடம் நான் சொல்லவேண்டியது என்ன என்று பல தடவை யோசித்தேன். நாம் கிறிஸ்தவர்கள். மரணத்துக்குப் பிறகு உள்ளதைப் பற்றி நமக்குப் பயமில்லை என்று வார்டு வார்டாகப் போய்ச் சொல்கிறோம். மரணத்துக்கு முன்னால் மிச்சமிருக்கிற பத்துப் பன்னிரண்டு நாட்களைப் பற்றித்தான் நமக்குப் பயம். நம் ஆண்டவர் தாம் சாகப்போவதைச் சிநேகிதர்களிடம் மறைக்கவில்லை. வழியில் நடந்துகொண்டே சொன்னார். அப்படியெல்லாம் உமக்கு நேராது என்று தைரியம் சொன்ன சிநேகிதரைத்தான் கடிந்துகொண்டார். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை நான் சொல்லிக்கொடுத்த கதை. அந்தச் சிநேகிதருடைய இடத்தில் நான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது பாக்கியம் செத்தபிறகுதான் புரிந்தது. ஆயுள் குறுகியது என்பதை அவள் தாங்கிக்கொண்டாள். இரண்டே நாளில் ஆள் அனுப்பி, கட்டிலை நகர்த்தச் சொல்லி, பேச வேண்டியதை எண்ணி வைத்துக்கொண்டாள். அதைத் தாங்க முடியாதவள் நான்தான். எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அவளுக்காக என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உனக்குச் சமாதானம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஜெபிக்கிறேன். ஜெபம் முடிந்ததும் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்த வார்டுக் காற்றை இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு சுவாசித்தேனே என்று தினமும் நினைக்கிறேன். விசுவாசம் போய்விடவில்லை. ஆனால் முன்பு அது எனக்குச் சாய்ந்துகொள்ள இருந்தது. இப்போது அது ஒரு வேலையாக இருக்கிறது. இன்றைக்கு என்ன நாள் இருக்கிறதோ அதைப் பொய்யில்லாமல் செலவழி என்கிற வேலை. அதுகூட எல்லா நாளும் முடிவதில்லை.

எடுத்துவிட்ட வசனங்களைத் திரும்பப் போடுங்கள். போட மனம் வராவிட்டால் டின்னை வார்டுக்கு எடுத்துப்போகவே வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இதையும் திருத்தி வாசித்தது போலாகிவிடும்.

என் கணவருக்கு ரயில்வேயில் கிள்ளானுக்கு மாற்றலாகி நாலு மாதமாகிறது. இங்கே நம் சபையின் பெண்பிள்ளைகள் விடுதியில்தான் தங்கராசு ரோசுவைச் சேர்த்திருக்கிறான். எனக்கு அது தெரியாது. சபையின் அறுப்புப் பண்டிகை அன்று காணிக்கைப் பொருட்களின் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, மரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உயரமாக வளர்ந்திருந்த ஒரு பிள்ளை வந்து எதிரில் நின்றாள்.

"நீங்கதானே ஜன்னல்ல நின்னவங்க?"

"ஆமா கண்ணு."

"அம்மா கடைசியா என்னமோ சொல்ல வந்தாங்களே, அது என்னா?"

நல்ல பிள்ளையாக இரு. படி. அப்பாவைப் பார்த்துக்கொள். உன்னைக் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போகிறேன். எந்த அம்மாவும் சொல்லக்கூடியவை எல்லாம் வரிசையாக என் வாயில் வந்து நின்றன. இதில் எதைச் சொன்னாலும் அவள் சாகும்வரை வைத்துக்கொண்டிருப்பாள். பொய் என்று கண்டுபிடிக்க இந்த உலகத்தில் ஆள் இல்லை.

"எனக்குக் கேக்கல கண்ணு. அம்மாவுக்குச் சத்தம் போயிருச்சு."

யோசித்தாள். "நாங்க முன்னாடியே வந்திருந்தா சத்தம் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"அப்ப ஏன் முன்னாடியே கூப்பிடல?"

அதையும் சொன்னேன். நாள் கொஞ்சம்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், அதனால் அம்மா உன்னைக் கூப்பிடவில்லை என்று, ஏழு வயதாகாத பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு போய் விடுதிப் பிள்ளைகளின் வரிசையில் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறாள். போன ஞாயிறும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் அக்கா